ஒயர் ஆடியது, டிஸ்க் காணாமல் போனது: யாரைக் கேட்பது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், ஆள் கிடையாது, எல்லாமே நான்தான். பாண்டியில் ஒரு கடையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு சாஃப்ட்வேர் மூலம் அதற்குள் பாஸ்வேர்டு போட்ட விர்ச்சுவல் டிஸ்க் (பார்க்க ஒரே பெரிய ஃபைல், திறந்தால் தனி டிஸ்க் மாதிரி) ஒன்றை உருவாக்கி, கஸ்டமர்களின் கல்யாண போட்டோக்களை அதில்தான் வைப்பேன். போன வாரம் காப்பி ஓடும்போது ஒயர் லேசாக ஆடியது, டிஸ்க் மறைந்தது, உடனே நீல ஸ்கிரீன். இப்போது அந்த விர்ச்சுவல் டிஸ்க் திறந்தாலும் உள்ளே பாதி ஃபோல்டர் இல்லை. கடைக்காரர் "டிஸ்க் நல்லா இருக்கு சார், நீங்கதான் பிடுங்கிட்டீங்க" என்கிறார். இதை விடுவதா, கேட்பதா?

பதில்: கேட்கலாம். ஆனால் கடைக்காரரிடம் என்ன கேட்பது, சாஃப்ட்வேர் விற்றவரிடம் என்ன கேட்பது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே நடந்திருப்பது ஒன்றல்ல, இரண்டு.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள், விண்டோஸ் "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்டிஸ்க் மாதிரியான கருவிகள் டிஸ்க்கில் எழுதித்தான் சரிசெய்யும், மீட்கக்கூடிய ஃபோல்டரும் அதில் போய்விடலாம். விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலை முழுசாக வேறொரு டிஸ்க்கிற்கு காப்பி எடுத்து, சோதனை எல்லாவற்றையும் அந்த காப்பியில் செய்யுங்கள்.

இப்போது டிஸ்க் விஷயம். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடி, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், சம்பவம் நடந்த நேரத்தைப் பாருங்கள். சோர்ஸ் இடத்தில் "டிஸ்க்" என்றும் எண் 157 என்றும் இருந்தால், டிஸ்க் திடீரென்று கழன்றுபோனதை விண்டோஸே பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். எண் 7 இருந்தால் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருக்கிறது, அதை போட்டோ எடுத்து கடைக்காரரிடம் காட்டினால் "நல்லா இருக்கு" என்று அவர் சுலபமாகச் சொல்ல முடியாது. 157 மட்டும் இருந்தால் ஒயர், போர்ட், கரண்ட் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 போர்ட் 900 வரை தரும். பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட்டில் சொருகினால் டிஸ்க் "டிக்" என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுவது சகஜம். கூடவே பெட்டியில் வந்த ஒயரே தொளதொளவென்று இருந்தால் அதுவும் விற்ற பொருளின் குறைதான், ஒயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். நமது ஊர் உப்புக்காற்றில் போர்ட் முனை கருத்துப்போய்விடுவதும் உண்டு, அதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நீல ஸ்கிரீன். இதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனமில்லை. யூஎஸ்பி டிஸ்க்கை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவார்கள் என்பது விண்டோஸுக்குத் தெரியும். பிடுங்கியதும் அந்த டிஸ்க்கின் டிரைவருக்கு (டிஸ்க்கை விண்டோஸுடன் பேசவைக்கும் சின்ன புரோகிராம்) "சாதனம் போய்விட்டது" என்று தனியாக ஒரு தகவல் அனுப்பும். ஒழுங்கான டிரைவர் அப்போது கையில் இருக்கும் படிக்கும், எழுதும் வேலைகளை எல்லாம் "தோல்வி" என்று திருப்பி அனுப்பிவிட்டு, புதிதாக எதையும் ஏற்காமல், டிஸ்க்கைத் திறந்து வைத்திருந்த புரோகிராம்கள் எல்லாம் கையை எடுக்கும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் தன் மெமரியை விடுவிக்கும். அவசரப்பட்டு முன்னாடியே விடுவித்துவிட்டால், யாரோ ஒருவர் அந்த இடத்தைத் தொடும்போது கம்ப்யூட்டர் விழுந்துவிடும்.

விர்ச்சுவல் டிஸ்க்கில் கூடுதல் சிக்கல். பிடுங்கப்பட்டது வெளியே இருக்கும் நிஜ டிஸ்க், விர்ச்சுவல் டிஸ்க்கை யாரும் பிடுங்கவில்லை. வீட்டுக்காரர் வீட்டை இடித்துவிட்டார், மாடியில் குடியிருப்பவருக்குச் சொல்லவில்லை என்கிற கதைதான். தன் ஃபைல் இருந்த இடமே இல்லை என்பதை விர்ச்சுவல் டிஸ்க்கின் டிரைவர் எழுதப் போய்த் தோற்கும்போதாவது கண்டுபிடித்து, தன் டிஸ்க்கையும் மரியாதையாகக் கழற்றிவிட வேண்டும். உங்களுடையது அப்படிச் செய்யாமல் சிஸ்டத்தையே சாய்த்திருக்கலாம் என்பது என் சந்தேகம். நிச்சயப்படுத்த, நீல ஸ்கிரீனில் "எது செயலிழந்தது" என்ற வரியில் ஒரு ஃபைல் பெயர் வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அன்றைய தேதி ஃபைல் இருக்கும். அதை இணைத்து சாஃப்ட்வேர் விற்றவருக்கு மெயில் போடுங்கள். ஒயர் கழன்றால் போட்டோ பாதியில் நிற்கலாம், அது புரிகிறது; கம்ப்யூட்டரே விழுவது அவர்கள் தலைவலி, திருத்திய வெர்ஷன் கொடு, இல்லை பணத்தைத் திருப்பிக் கொடு என்று எழுத்தில் கேளுங்கள்.

போட்டோக்களுக்கு நஷ்ட ஈடு? பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

"ஸ்டுடியோ என்றால் வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று யாராவது மடக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் தனி ஆள், அதனால் தைரியமாகப் பேசலாம்.

கேள்வி: பில் பாண்டி, நான் கடலூர். வழக்கு என்றால் அங்கே அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். புதுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன், பல கடைகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாண்டி நேரு வீதியில் வாங்கினாலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் அது இல்லாத பில் பாதி பில்தான். (பாண்டியில் வரி கம்மி என்று இன்னமும் பஸ் ஏறுபவர்களுக்கு: ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றே.)

கேள்வி: இனிமேல் எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் எக்ஸ்ஃபேட் ஒன்று, என்டிஎஃப்எஸ் ஒன்று; வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் விடாமல் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள், என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும், எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் டிஸ்க்கே போதும் என்றால், அதன் இரண்டு ஃபைல் வகைகளில் பழைய விஎச்டி வேண்டாம், விஎச்டிஎக்ஸ் எடுங்கள்; கரண்ட் போனாலும் தன் உள்கணக்கு குழம்பாமல் இருக்க அதில் ஒரு லாக் (மாற்றங்களின் பதிவேடு) உண்டு. அளவை முதலிலேயே நிலையாக வைத்துவிடுங்கள், தேவைக்கு வளரும் வகையில் எழுதும்போதே உள்வரைபடமும் மாறிக்கொண்டிருக்கும். 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10 யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கு "குவிக் ரிமூவல்" (எஜெக்ட் செய்யாமலே கழற்றலாம் என்கிற) முறையைத்தான் இயல்பாக வைக்கிறது, அதை நம்பி அப்படியே உருவுகிறவர்கள் அதிகம். காப்பி ஓடும்போது உருவினால் அது காப்பாற்றாது. முதலில் விர்ச்சுவல் டிஸ்க்கில் ரைட் கிளிக் செய்து எஜெக்ட், அப்புறம் வெளி டிஸ்க். அப்படியே கல்யாண போட்டோவுக்கு இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது காப்பி, டெலிவரி ஆகிப் பணம் கைக்கு வரும் வரையாவது.