குழந்தைகள் வார்டில் கீமோ: நர்ஸ்களின் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது புது நர்ஸ்களுக்குக் கீமோ கொடுக்கப் பழக்குகிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பெரியவர்கள் வார்டில் ஐந்து வருடம் கீமோ கொடுத்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் புதிதாக என்ன கற்க வேண்டும் மேடம்?

முதலில் கணக்கு. 20 கிலோ எடை, 110 செ.மீ. உயரம் உள்ள பிள்ளை என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடலின் மேற்பரப்பு 0.78 சதுர மீட்டர். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து சதுர மீட்டருக்கு 1.5 மி.கி. என்றால் டோஸ் 1.17 மி.கி. எடையைப் பழைய சீட்டிலிருந்து எடுக்காதீர்கள், அன்றைக்கே நிறுத்துப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்குதான். இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் தலையாட்டினால் அது சரிபார்ப்பே இல்லை.

அப்புறம், "வலிக்குதா?" என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். மறுபடி ஊசி குத்துவார்களோ என்று பயம். அதனால் வாயை நம்பாமல் கையைப் பாருங்கள்: வீக்கம், சிவப்பு, சிரிஞ்சை இழுத்தால் ரத்தம் திரும்பி வருகிறதா.

பதினாறு வயதுப் பையன் அம்மா முன்னால் வாயே திறப்பதில்லை.

அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டர் பேசினாரா என்பதையும் முதல் கீமோவுக்கு முன்பே விசாரியுங்கள்.

வின்கிரிஸ்டினை சிரிஞ்சிலேயே கொடுக்கிறோம். தவறா?

தவறு. இது ரத்தநாளத்துக்குள் மட்டுமே போக வேண்டிய மருந்து. தண்டுவடத்தில் போனால் பெரும்பாலும் மரணம்தான். ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைக்கு ஒரே நாளில் முதுகில், அதாவது தண்டுவடத்தில், மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு கீமோ மருந்தும் கையில் வின்கிரிஸ்டினும் இருக்கும், இரண்டும் சிரிஞ்சில் வந்தால் கை மாறிவிடும். சின்ன சலைன் பையில் கலந்து கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே எச்சரித்தது. பையை யாரும் முதுகில் ஏற்ற மாட்டார்கள்.

ஆனால் பையில் போட்டால் வென்ஃப்ளான் (கையில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்) நழுவி மருந்து வெளியே கசியுமே? பிஞ்சுக் கை அக்கா.

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து. பயம் நியாயம்தான், கசிந்தால் சதை வெந்துவிடும். அதற்காகத்தான் பம்ப் போடாமல், தானாக இறங்க விட்டு, 5 முதல் 10 நிமிடம் பக்கத்திலேயே நிற்கச் சொல்கிறேன். கசிந்தால் உடனே நிறுத்தி, ஊசியை எடுக்காமல் மருந்தை உறிஞ்சி எடுங்கள். வின்கிரிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துக்கு ஐஸ். மாற்றிவிடாதீர்கள். கைப்புண்ணுக்கு வைத்தியம் உண்டு, வின்கிரிஸ்டின் முதுகில் போனால் கிடையாது.

"இருபது வருடமாக சிரிஞ்சில்தான், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் எங்கள் சீனியர்.

இருபது வருடமும் கை மாறவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை மாறினால் போதும்.

டயப்பரை அம்மா வெறும் கையால் மாற்றலாமா?

கீமோ முடிந்து 48 மணி நேரம் கையுறை போட்டுக்கொள்ளட்டும். நர்ஸ் கர்ப்பமாக இருந்தால் இன்சார்ஜிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் மகளுக்கு வெள்ளையணு குறைந்திருக்கிறது, அடுத்த கீமோ எப்போது?

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் அம்மா. காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஓடுங்கள்.

பயிற்சி எத்தனை நாள்? சான்றிதழ் உண்டா?

மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். நாள் கணக்கு இல்லை. பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க, நீங்கள் தவறில்லாமல் கொடுக்கும்வரை.

போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த கருவி) சலைன் சுலபமாகப் போகிறது, ரத்தம் மட்டும் திரும்பவில்லை. கொடுத்துவிடலாமா?

கூடாது. கையைத் தூக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை மருந்து தட்டிலேயே இருக்கட்டும்.