புற்றுநோய் சிகிச்சை முடிந்தும் தீராத அசதி: கேள்வி பதில்

கேள்வி: கீமோ முடிந்து 5 மாதம் ஆகிறது. எட்டு மணி நேரம் தூங்கியும் எழும்போதே அசதி. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: அசதி மட்டும் என்றால் அந்த முடிவுக்குப் போக வேண்டாம். செய்த வேலைக்குப் பொருந்தாமல் வருவதும், தூங்கினாலும் போகாததும் இந்த அசதியின் குணம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கிலும் நீடிக்கும். எடை குறைவது, காய்ச்சல், புதிதாக ஒரு வலி, மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது கூடவே வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: டாக்டர் "போகப் போகச் சரியாகும்" என்கிறார். என்ன பரிசோதனை கேட்கலாம்?

பதில்: "அசதியா இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் அந்தப் பதில்தான் கிடைக்கும். அசதியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என்று வைத்து, எத்தனை என்று சொல்லுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் காரணம் தேடியாக வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பு இருப்பு), பி12, டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), சர்க்கரை, சோடியம், கால்சியம், கல்லீரல், சிறுநீரகம் பார்க்கலாம். கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவருக்குச் சில வருடம் கழித்துக்கூட தைராய்டு மந்தமாகும். இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) எடுத்தவர் கார்டிசால் என்ற ஹார்மோனையும் பார்க்க வேண்டும். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் என்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்துகள் ஏறியவருக்கு மாடிப்படியில் மூச்சு வாங்கினால் எக்கோ (இதய ஸ்கேன்) அவசியம். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். வலி மாத்திரையும் அலர்ஜி மாத்திரையும்கூட ஆளை அசத்திப் போடும்.

கேள்வி: என் மனைவியை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்கிறோம். நடக்கச் சொல்வது சரியா?

பதில்: சரி. படுத்தே இருந்தால் தசை கரையும். அப்புறம் குளிப்பதற்கே மூச்சு வாங்கும். முதலில் சமதரையில் 5 முதல் 10 நிமிடம். நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது, அதுதான் வேகம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி, வாரம் 3 நாள் 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம். கூடவே வாரம் 2 நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, 8 முதல் 10 தடவை.

பெரும்பாலும் கெடுவது தெம்பாக இருக்கும் நாளில்தான். "இன்று பரவாயில்லை" என்று 40 நிமிடம் நடந்து, அலமாரியையும் ஒழித்துவைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கை. தெம்பான நாளிலும் அளவைத் தாண்டக் கூடாது; மோசமான நாளில் பாதியாவது நடக்க வேண்டும். மறுநாள் காலை அசதி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் முந்தைய அளவுக்கே திரும்பிவிடுங்கள். எலும்பில் நோய் பரவியிருந்தாலோ, பிளேட்லெட் குறைவாக இருந்தாலோ, கை வீங்கியிருந்தாலோ, பாதம் மரத்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: பகலில் தூங்கலாமா?

பதில்: 20, 30 நிமிடம், மதியம் 3 மணிக்குள். அலாரம் வையுங்கள், வைக்காவிட்டால் அது இரண்டு மணி நேரமாகிவிடும், ராத்திரித் தூக்கம் போய்விடும்.

கேள்வி: வேலைக்குத் திரும்பிவிட்டேன். மதியத்துக்கு மேல் மூளை ஓடவில்லை.

பதில்: ஒரு வாரம் மணிக்கு மணி அசதிக்கு மார்க் போட்டுக் குறித்துவையுங்கள். எந்த நேரம் தெளிவு என்று தெரிந்துவிடும். கணக்கு, அறிக்கை எல்லாம் அப்போது, மெயில் பார்ப்பது மதியம். இடைவேளையை அசந்த பிறகு எடுத்துப் பயனில்லை, முன்பே எடுங்கள். முடிந்தால் முதல் சில வாரம் அரைநாள் கேளுங்கள். முழுநாள் ஒத்துக்கொண்டு பிறகு குறைக்கக் கேட்பதுதான் கஷ்டம்.

கேள்வி: சத்து டானிக், மூலிகை?

பதில்: குறைபாடு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் இரும்பு, பி12. மூலிகை எதுவானாலும் பாட்டிலோடு டாக்டரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மாத்திரையின் வேலையையே கெடுக்கும்.