லிஃப்ட் ஏறாத டிராக்டருக்காக ஐந்து லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் சொந்த வயல், மூன்று ஏக்கர் பாட்டம் (குத்தகை). 2004-இல் பதிவான 35 குதிரைத்திறன் மாஸி டிராக்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, என் வயலும் உழுது வாடகைக்கும் ஓட்டுகிறேன். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 240 மணி நேரம் வாடகை ஓட்டம் கிடைக்கும். டீசல், டிரைவர் கூலி போக மணிக்கு 400 ரூபாய் நிற்கும். கொஞ்ச நாளாக, பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் படுத்துகிறது. காலையில் உழவுக் கருவியான ரொட்டவேட்டரைத் தூக்குகிறது. ஒரு மணி நேரம் ஓடிச் சூடானதும் தூக்க மாட்டேன் என்கிறது. தூக்கி நிறுத்தினாலும் எஞ்சினை அணைத்தால் மெல்ல இறங்கிவிடுகிறது. பம்ப் போய்விட்டது, சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 42,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். ஷோரூமில், பழையதை எடுத்துக்கொண்டு புதுசு தருகிறோம், ஐந்து லட்சம் லோன் போட்டால் போதும், ஜி.எஸ்.டி. குறைந்திருக்கும்போதே எடுங்கள் என்கிறார்கள். வீட்டில் நாலு பவுன் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறேன். கும்பப்பூ தொளி உழவு (சேற்று உழவு) நெருங்குகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக் எதை வைத்துச் சொன்னார்? லோனைப் பற்றி யோசிக்கும் முன் அவரிடம் இதைக் கேளுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பம்பின் மேல் பழி போட முடியாது.

எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அதன் பிறகும் ரொட்டவேட்டர் இறங்குகிறது என்றால், சிலிண்டருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய எண்ணெய் எங்கோ வழியாகத் திரும்பிப் போகிறது. அது பிஸ்டன் சீலாக இருக்கலாம், குழாய் சேரும் இடத்து ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமாக இருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். சூடானால் தூக்காததற்கும் இதே கதைதான். சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகும். காலையில் கெட்டியாக இருந்தபோது தாக்குப்பிடித்த தேய்ந்த இடம், பத்து மணிக்கு விட்டுக்கொடுக்கும். அந்தத் தேய்ந்த இடம் பம்பா, நூறு இருநூறு ரூபாய் ரப்பர் வளையமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த மாதிரி பழைய மாஸியில் அதைப் பார்ப்பது பெரிய வேலையும் அல்ல. பம்ப் பின்பக்க ஹவுசிங்குக்குள் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கும். லிஃப்டில் பாரத்தை ஏற்றி, அடியில் நல்ல முட்டு கொடுத்துவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று அனுபவப்பட்ட மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். பிரஷர் கேஜ் வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப் என்றால் இன்னும் நல்லது. தூக்கி நிற்கிற ரொட்டவேட்டருக்குக் கீழே மட்டும் யாரும் தலையை நீட்ட வேண்டாம்.

அதற்கும் முன்னால் காசில்லாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி எண்ணெய் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டிப்பிங் டிரெய்லர் மாட்டி ஓட்டுகிறவர் என்றால் அதன் ஜாக்கிக்கும் இதே எண்ணெய்தான் போகும். மட்டம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் பால் விட்ட டீ போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழங்கால் ஆழத் தொளியில் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஓடிய வண்டிக்கு இது சகஜம். அப்படியானால் முதலில் எண்ணெயை மாற்றி, உள்ளே இருக்கும் ஸ்டிரெய்னரை, அதாவது வடிகட்டியை, கழுவுங்கள்; அதற்கு முன் வேறு எந்தச் செலவும் செய்யாதீர்கள். கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய் என்பதால் ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும். லிட்டர் 250 ரூபாய் என்று வைத்தால் 7,500. இதிலேயே லிஃப்ட் சரியாகிவிட்டால் மிச்சம் 34,500 ரூபாய் உங்கள் பையில்.

சரி, பம்பும் போய், சீலும் போய், முழு 42,000-மும் ஆகிறது என்றே வைப்போம். மணிக்கு 400 என்றால் அது 105 மணி நேர ஓட்டம். உங்களுக்கு ஒரு பூவுக்குச் சராசரியாக 120 மணி நேரம் ஓட்டம் இருக்கிறது. அதாவது கும்பப்பூ முடிவதற்குள் போட்ட காசு திரும்பி வந்துவிடும்.

இனி புது வண்டிக் கணக்கு. டிராக்டர் லோனுக்கு அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தவணை வைப்பது வழக்கம். ஐந்து லட்சம், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் ஒரு தவணை சுமார் 67,900 ரூபாய். வருஷத்துக்கு 1,35,800. உங்கள் வாடகை ஓட்டத்தில் நிற்பதோ 96,000. மீதி 40,000-ஐ நெல் விற்ற காசிலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டும், அதுவும் ஐந்து வருஷம். தவணைக்கு மட்டுமே 340 மணி நேரம் ஓட வேண்டும். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதற்கு மேலே. ஐந்து ஆண்டில் வட்டியாகப் போவது மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை ஒட்டி வரும். புது வண்டியில் டீசல் கொஞ்சம் மிச்சமாகும், நடுவயலில் நின்று மானத்தை வாங்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 100 மணி நேரக் கூடுதல் வாடகையை எங்கிருந்து கொண்டு வருவீர்கள்? தோவாளைப் பக்கம் வயல் கூடிக்கொண்டா இருக்கிறது?

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஷோரூம்காரர் சொன்னது பாதி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது உண்மை. அதே நாளில் டிராக்டர் ஹைட்ராலிக் பம்புக்கும் 5 சதவீதம் ஆகிவிட்டது. மெக்கானிக்கின் கொட்டேஷனில் பம்புக்கு இன்னமும் 18 போட்டிருந்தால் கேளுங்கள். இது ஆடித் தள்ளுபடியும் அல்ல, இந்த மாதமே ஓடிப்போய் வாங்க.

எக்ஸ்சேஞ்சுக்கே போவது என்று முடிவெடுத்தாலும் லிஃப்டைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். லிஃப்ட் ஏறாத வண்டிக்கு வாங்குகிறவர் சொல்வதுதான் விலை; அடிமாட்டு ரேட்டுக்குக் கேட்பார்கள். ஹைட்ராலிக் கோளாறு வண்டியை மாற்றுவதற்கான காரணமே இல்லை என்பது என் கருத்து. எஞ்சின் புகை கக்கி ஆயில் குடித்தால், கியர் நழுவினால், அப்போது யோசிக்கலாம். அல்லது உங்கள் ஓட்டம் வருஷம் 350 மணி நேரத்தைத் தாண்டினால்.

காசுக்கு என்ன வழி? பயிர்க்கடன் பணத்தில் கை வைக்காதீர்கள். உரம் போடுகிற நேரத்தில் கந்துவட்டிக்கு ஓட வேண்டி வரும். கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது; அந்தச் சலுகையைக் கெடுத்துக்கொள்வதும் நஷ்டம்தான். ஆனால் கிசான் கிரெடிட் கார்டு விதியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடன் வரம்பு போடும்போது பயிர்ச் செலவுக்கு மேல் அதில் 20 சதவீதம், பண்ணைச் சாமான்களின் ரிப்பேர், பராமரிப்புக்கென்று சேர்க்க இடம் உண்டு. உங்களுக்கு அது சேர்ந்திருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். இல்லை என்றால் நகைதான். நாலு பவுனையும் தூக்கி வைக்க வேண்டாம். 42,000-க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும், வங்கியிலோ சங்கத்திலோ. 10 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு 2,100 ரூபாய். கும்பப்பூ வாடகைப் பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக மீட்டுவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 2004-இல் பதிவான வண்டி என்றால் பதிவின் 15 ஆண்டு 2019-இலேயே முடிந்துவிட்டது. அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழை, புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. காலாவதியாகி, இன்ஷூரன்ஸும் இல்லாமல் ரோட்டில் போகும்போது பைக்கில் வருகிற ஒருவர் மேல் பட்டுவிட்டால் வயலையே விற்க வேண்டி வரும். அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ரிப்பேர் முடிவதற்குள் தொளி அடிக்க வேண்டி வந்தால், உழவன் செயலியில் இ-வாடகை வழியாக வேளாண் பொறியியல் துறை டிராக்டரைப் பதிவு செய்யலாம். சீசன் உச்சத்தில் வண்டி உடனே கிடைக்காது, இப்போதே பதிந்துவிடுங்கள்.

பம்பை மாற்றத்தான் வேண்டும் என்றால் பில் வாங்குங்கள், எந்த சீல், எத்தனை ஓ-ரிங் போட்டார் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பம்பையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.