ஆறு பேரைக் கொன்ற அலெக்சாண்டர் ரூபெல் எட்டே வருடத்தில் விடுதலையானது எப்படி? பெட்ரோல் போதைதான் அவனைக் காப்பாற்றியதா?

இல்லை. அவனைக் காப்பாற்றியது பிறந்த தேதி.

ஏதோ ஒரு க்ரைம் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி வீடியோக்களில் "போதையில் செய்ததால் தண்டனை குறைந்தது" என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

ரூபெல் பிறந்தது 1980 டிசம்பர் 24. எஸ்டோனியத் தலைநகர் டாலினில் கொலைகள் நடந்தது 1997, 1998இல். கடைசியாக ஒரு பதின்ம வயதுச் சிறுமியைக் கொன்றது 1998 ஜூனில். அப்போது அவனுக்குப் பதினேழரை வயது. பதினெட்டு நிறையாதவர்களுக்கு அன்றைய எஸ்டோனியச் சட்டத்தில் உச்சபட்சத் தண்டனையே எட்டு வருடம்தான். அதுவும் ஆறு கொலைக்கும் சேர்த்து எட்டு. ஆறு எட்டு நாற்பத்தெட்டு என்று கூட்டிப் போட வழியில்லை. நீதிமன்றம் இரக்கம் காட்டவில்லை. சட்டத்தில் இருந்த கடைசி நாள்வரை கொடுத்தது. 1998 ஜூனில் பிடிபட்டவன் 2006 ஜூனில், 25 வயதில் வெளியே வந்தான். விசாரணைக் காலத்தையும் சேர்த்து எட்டு வருடத்தையும் முழுசாக உள்ளே கழித்திருக்கிறான்.

இனி பெட்ரோல் விஷயம். அவன் அதைக் குடிக்கவில்லை, ஆவியை முகர்ந்தான். இரண்டும் வேறு. பெட்ரோலில் டொலுயீன், சைலீன், பென்சீன், ஹெக்சேன் என்று பல ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கும். இவை கொழுப்பில் கரைபவை. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். முதலில் சாராயம் போலவே தயக்கத்தைக் கழற்றும். அளவு கூடினால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். போதை சீக்கிரம் இறங்கிவிடுவதால் திரும்பத் திரும்ப முகர்வார்கள், கேடு அங்கேதான் சேர்கிறது. டொலுயீன் மூளையின் வெண்பொருளை (மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளை) அரிக்கும், ஹெக்சேன் கைகால் நரம்புகளைக் கெடுக்கும், ஈயம் கலந்த பெட்ரோல் என்றால் நடுக்கமும் தள்ளாட்டமும் சேரும். முதல் தடவை முகர்ந்த ஆளே இதயத் துடிப்பு தாறுமாறாகிச் செத்துப்போவதும் உண்டு. வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையில் இது சிக்காது. சில மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்துத் தனியாகச் சோதித்தால்தான் உண்டு.

இவ்வளவு இருந்தும் சட்டம் இதை ஒரு சாக்காக ஏற்பதில்லை. தானாகப் போய் ஏற்றிக்கொண்ட போதை குற்றப்பொறுப்பை நீக்காது என்று எஸ்டோனியத் தண்டனைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. இதே ஆறு கொலையை இருபது வயதுக்காரன் இதே போதையில் செய்திருந்தால் ஆயுள் சிறைதான் அவன்முன் நின்றிருக்கும்.

"தூக்கில் போட்டிருக்கலாமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். எஸ்டோனியாவில் கடைசி மரண தண்டனை நிறைவேறியது 1991இல். 1998 மார்ச்சில் அதைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். எஸ்டோனியா சோவியத் யூனியனில் இருந்த காலத்துச் சட்டத்திலும் பதினெட்டுக்குக் கீழே உள்ளவருக்கு மரண தண்டனை கிடையாது. நான் அவனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். செத்த ஆறு பேருக்கு எட்டு வருடம் ஈடாகாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் கோபப்படுவதானால் இல்லாத போதைச் சலுகையின் மேல் படாமல், அந்த எட்டு வருட உச்சவரம்பின் மேல் படுங்கள்.

வீடியோக்காரர்கள் மேல் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. கொலைகாரனுக்கு ஒரு பட்டப்பெயர், திகில் இசை எல்லாம் போடுவார்கள். ஆனால் கோப்லியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. டாலினின் வடமேற்கில் கடலுக்குள் நீளும் தீபகற்பம் அது. முதல் உலகப் போருக்கு முன்பு கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மரவீடுகள் 90களில் பராமரிப்பே இல்லாமல் இற்றுக் கிடந்தன. ரூபெல் வளைய வந்த பகுதி இது. போலீஸ் துறையே 1991இல் புதிதாக அமைக்கப்பட்டது. கொலையானவருக்கும் கொன்றவனுக்கும் பணமோ பகையோ எதுவும் இல்லாதபோது துப்புத் துலக்குவது எந்த ஊர்ப் போலீசுக்கும் கஷ்டம்தான்.

பிறகு சட்டம் மாறியதா என்றால், கொஞ்சம் மாறியது. 2002இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழானவருக்கு உச்சவரம்பு பத்து வருடம். தண்டனை முடிந்த பிறகும் ஆபத்தானவர்களை உள்ளேயே வைக்கும் ஏற்பாட்டை 2009இல் கொண்டுவந்தார்கள். செய்த குற்றத்துக்கு அல்லாமல் இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக அடைத்து வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.