ஒரே கல்லூரி அணிக்கு 38 வருடம் கோச்சாக இருந்தார் என்று பேட் சம்மிட்டைக் கொண்டாடுகிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?

ஒரே இடத்தில் அத்தனை வருடம் இருந்தால் யாருக்கும் வெற்றிகள் சேரத்தானே செய்யும் என்ற சந்தேகம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நியாயமான சந்தேகம்தான். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1974 முதல் 2012 வரை அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, 1,098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசியப் பட்டங்கள், வெற்றியை விடத் தோல்வி அதிகமான சீசன் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் என்னைக் கேட்டால் இதை விடப் பெரிய விஷயம் வேறு: 1974இல் அவர் சேர்ந்த வேலையும் 2012இல் அவர் விட்ட வேலையும் பெயரளவில் மட்டும்தான் ஒன்று, நடுவில் அந்த வேலையே தலைகீழாக மாறிவிட்டது, மாற்றியதில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு.

சேரும்போது அவருக்கு வயது 22. உதவியாளராக வரச் சொல்லியிருந்தார்கள், இருந்த கோச் விடுப்பில் போய்விட்டதால் நேராகத் தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். மாதம் 250 டாலர். அணியில் சிலர் அவரை விட ஒரே ஒரு வயது இளையவர்கள். வெளியூர் மேட்சுக்கு வேனை ஓட்டுவதும் அவர்தான், வந்து சீருடையைத் துவைப்பதும் அவர்தான். அந்தச் சீருடையையே டோனட் விற்ற காசில்தான் வாங்கினார்கள். ஒரு முறை மேட்சுக்கு முந்தைய இரவு எதிரணியின் ஜிம்மிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில் முதுகலைப் படிப்பு, உடற்கல்வி வகுப்பு எடுப்பது, முழங்கால் தசைநார் கிழிந்த காலோடு ஒலிம்பிக்குக்குத் தயாராவது எல்லாம் நடக்கிறது (1976இல் அமெரிக்க அணியில் ஆடி வெள்ளி வாங்கினார், 1984இல் அதே அமெரிக்க அணிக்குக் கோச்சாகப் போய்த் தங்கம் வாங்கினார்).

அப்போதுதான் டைட்டில் நைன் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையம் ஆண் பெண் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டம் அது. சட்டம் வந்ததே தவிர, பெண்கள் அணிக்குப் பணமும் வரவில்லை, கூட்டமும் வரவில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கியதே 1982இல்தான்.

இவருடைய கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கோப்பை சம்பந்தப்பட்டது இல்லை. டென்னசி மாநிலப் பள்ளிகளில் அப்போது பெண்கள் ஆறு பேர் கொண்ட கூடைப்பந்து ஆடினார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்து போடுவார்கள், மூன்று பேர் மறுபாதியில் நின்று தடுப்பார்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பெண்களால் முழு மைதானமும் ஓட முடியாது என்ற நினைப்பின் மிச்சம். இதில் அநியாயம் எங்கே என்றால், தடுக்கும் மூவரும் பள்ளிக்காலம் முழுக்கக் கூடையை நோக்கி ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டார்கள். பிறகு எந்தக் கல்லூரி அவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கும்? இதை மாற்றாத வரை சொந்த மாநிலப் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டேன் என்று சம்மிட் வெளிப்படையாகவே சொன்னார். 1979இல் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறினார்கள். தன் அணிக்கு ஆள் சேர்க்க வேண்டிய ஒருவர் சொந்த மாநிலத்திலேயே அப்படிச் சண்டை போட்டது சின்ன விஷயம் இல்லை.

பட்டமும் சுலபமாக வரவில்லை. கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகப் பல தடவை போய் வெறுங்கையோடு திரும்பி, 1987இல், அவருடைய 13ஆவது சீசனில்தான் முதல் பட்டம். இன்றைக்கு அவ்வளவு காலம் எந்த நிர்வாகம் பொறுக்கும் என்று தெரியவில்லை. அப்புறம் 89, 91, பிறகு 96, 97, 98 தொடர்ந்து மூன்று, அப்புறம் நட்சத்திர ஆட்டக்காரர் கேண்டஸ் பார்க்கர் ஆடிய காலத்தில் 2007, 2008.

கண்டிப்பானவர் என்பதற்கு எல்லோரும் சொல்லும் கதை, முதல் நாள் இரவு பார்ட்டிக்குப் போன பிள்ளைகளை மறுநாள் மைதான மூலைகளில் குப்பைத்தொட்டி வைத்து, வாந்தி எடுக்கும் வரை ஓடவிட்டது. இதை ரசித்துச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும், இன்று யாராவது செய்தால் வேலை போய்விடும், போகவும் வேண்டும். அவரே பிற்காலத்தில் நிறைய இளகினார். ஆனால் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், கட் அடிக்கக்கூடாது என்ற விதியை மட்டும் கடைசி வரை விடவில்லை. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். உண்மையில் நம்ப முடியாத சாதனை இதுதான்.

கூட இருந்தவர்களும் லேசில் விட்டுப் போகவில்லை. ஹாலி வார்லிக் அவரிடம் ஆடியவர், 1985இல் உதவிக் கோச்சாக வந்து 2012 வரை இருந்தார். மிக்கி டிமாஸும் அதே 1985இல் வந்து 18 வருடம் இருந்தார். ஆண்கள் அணிக்கு வரச் சொல்லி அதே பல்கலைக்கழகம் கேட்டபோது சம்மிட் மறுத்துவிட்டார். 2006 வாக்கில் அவர் சம்பளம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது, பெண்கள் கூடைப்பந்துக் கோச்சுகளில் அதுதான் முதல் முறை.

பிடிவாதம் என்றால் இன்னொன்று. 1990இல் நிறைமாதக் கர்ப்பத்தோடு மிஷல் மார்சினியாக் என்ற பெண்ணை அணிக்குச் சேர்க்கப் பென்சில்வேனியாவில் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார், அங்கேயே வலி எடுத்துவிட்டது. திரும்பும் விமானத்தில் வர்ஜீனியாவில் இறக்கவா என்று கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார், பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டுமாம். தவிர, அந்த வருடம்தான் வர்ஜீனியா அணி இவர்களைத் தோற்கடித்து, சொந்த ஊரான நாக்ஸ்வில்லில் நடந்த கடைசிச் சுற்றுக்கே போகவிடாமல் செய்திருந்தது. மகன் டென்னசியிலேயே பிறந்தான். அந்த மார்சினியாக் முதலில் வேறு கல்லூரிக்குப் போய், பிறகு இங்கே மாறி வந்து, 1996 பட்டத்தில் ஆடினார்.

குறையும் உண்டு. கனெக்டிகட் அணியோடும் அதன் கோச் ஜீனோ ஓரியெம்மாவோடும் இருந்த போட்டிதான் இந்த விளையாட்டை டிவிக்குக் கொண்டுவந்தது, அதை 2007க்குப் பிறகு சம்மிட் நிறுத்திவிட்டார். அவருக்குக் காரணம் இருந்திருக்கலாம், ரசிகனாக எனக்கு நஷ்டம்தான். பின்னாளில் அவர் அறக்கட்டளை தொடங்கியபோது ஓரியெம்மா 10,000 டாலர் கொடுத்தார்.

அந்த அறக்கட்டளை அல்சைமர் என்ற மறதி நோய்க்கானது. 2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அந்த நோய் தொடங்கிவிட்டதாக அவரே அறிவித்தார். அறிவித்துவிட்டு இன்னொரு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தார், பெரும்பாலான வேலையை வார்லிக் பார்த்துக்கொண்டார். 2012 ஏப்ரலில் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டு விலகினார். 2016 ஜூனில் காலமானார், வயது 64. வெற்றி எண்ணிக்கையை 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு அணியின் கோச் டாரா வேன்டர்வீர் தாண்டினார், பிறகு ஓரியெம்மாவும் தாண்டிவிட்டார்.

பழைய ஆட்டம் ஏதாவது பார்க்க நினைத்தால், எல்லோரும் கைகாட்டும் 1998 அணியில் தொடங்காதீர்கள். ஹோல்ட்ஸ்க்லா, கேட்சிங்ஸ், ராண்டல் என்ற மூன்று நட்சத்திர ஆட்டக்காரர்களும் சேர்ந்த அணி, 39 ஆட்டம், 39 வெற்றி, எதிரணிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 1997ஐப் பாருங்கள். அந்த சீசனில் டென்னசி 10 ஆட்டம் தோற்றிருந்தது, அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த கனெக்டிகட்டை 91-81 என்று வெளியேற்றி, அப்புறம் பட்டமும் வாங்கினார்கள். ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் அவர் முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.