லைட்காயின் விலை குறைவுதான், மலிவா?

கேள்வி: இணையத்தில் மட்டும் புழங்கும் கிரிப்டோ நாணயமான பிட்காயின் ஒன்று பல லட்சம் ரூபாய் என்பதால் எனக்கு எட்டவில்லை. அதே வகையான லைட்காயின் சில ஆயிரத்துக்கே கிடைக்கிறது, வேகமும் அதிகம் என்கிறார் நண்பர். ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் 2 லட்சத்தை அதுவரை அதில் போடலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

2011 அக்டோபரில், கூகுளில் பொறியாளராக இருந்த சார்லி லீ, பிட்காயினின் நிரலையே எடுத்துச் சிலவற்றை மாற்றி லைட்காயினை உருவாக்கினார். பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிமாற்றப் பதிவுகளின் தொகுப்பு) சேரும்; இதில் இரண்டரை நிமிடம். புதிய நாணயங்களை உருவாக்கும் கணினி வேலையான மைனிங்கின் கணக்குமுறையும் வேறு. நண்பர் சொல்லும் வேகம் உண்மைதான். ஆனால் அது பணம் அனுப்புகிறவருக்குப் பயன்படும். வாங்கி வைத்துக் காத்திருக்கும் உங்களுக்கு அதனால் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது.

விலைக்கு வருவோம். பிட்காயின் 2.1 கோடிக்கு மேல் வராது. லைட்காயினின் உச்சவரம்பு 8.4 கோடி. ஒரே பூசணிக்காயைப் பத்துக் கீற்றுக்குப் பதில் நாற்பதாக அறுத்தால் கீற்றின் விலை குறையத்தானே செய்யும்? அதற்கும் மேல் உள்ள பெரிய இடைவெளி, வாங்க விரும்புவோர் குறைவு என்பதால் வந்தது. மேலும், பிட்காயினை முழுதாக வாங்க வேண்டியதில்லை. ஒன்றைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரிக்கலாம். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். ஆகவே ‘எட்டவில்லை’ என்ற கவலையே தேவையற்றது.

எனக்குப் பயமாக இருப்பது உங்கள் ஜூன் மாதம்தான். 2017 டிசம்பரில், விலை உச்சத்தில் இருந்தபோது, லீ தம்மிடமிருந்த லைட்காயின்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விற்றும் நன்கொடையாகக் கொடுத்தும் விட்டதாக அறிவித்தார். லைட்காயினைப் பற்றித் தாம் பேசுவதற்கும் சொந்த லாபத்துக்கும் தொடர்பிருக்கக் கூடாது என்றார். அடுத்த ஓராண்டில் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. உங்கள் 2 லட்சம் 20,000 ரூபாய்கூட இல்லாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். கல்லூரி அலுவலகம் விலை மீளும்வரை காத்திருக்காது.

வரியும் கடுமை. லாபத்தில் 30 சதவீதம், அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் வரி. லைட்காயினில் 40,000 லாபம், பிட்காயினில் 40,000 நஷ்டம் என்றால் கையில் எதுவும் மிஞ்சாது. ஆனாலும் 12,480 ரூபாய் வரி கட்ட வேண்டும், ஏனென்றால் ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

இந்த 2 லட்சத்தை மே மாதம் முதிரும்படி வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். லைட்காயின் ஆசை தீரவில்லை என்றால், முழுதும் போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத ஒரு சிறு தொகையைச் சம்பளத்திலிருந்து தனியாக எடுத்து வாங்குங்கள்.