தாமஸ் சே சேகரித்த பூச்சிகளெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?

"கல்லூரிப் படிப்பே இல்லாத தாமஸ் சேயை அமெரிக்கப் பூச்சியியலின் தந்தை என்கிறார்கள். அவர் சேகரித்த பூச்சிகள் இப்போது எந்த மியூசியத்தில் இருக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தமாகப் பூச்சிப் பெட்டி வைத்திருப்பவர், அல்லது வைக்கப்போகிறவர்தான் இப்படிக் கேட்பார். அப்படி எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பெரும்பாலானவை எங்குமே இல்லை. வண்டு தின்றுவிட்டது.

படிப்பு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 1787ல் பிலடெல்பியாவில் பிறந்தவர், மருந்துக்கடை வியாபாரத்தில் நொடித்துப்போனவர். 1812ல் அந்த ஊரில் இயற்கை அறிவியல் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1822ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டினங்களுக்கு முதன்முதலில் விவரணை எழுதியவர் அவர். இதற்கு மேல் பட்டம் எதற்கு?

இனி பூச்சிகளுக்கு வருவோம். 1826ல் சே இண்டியானாவின் நியூ ஹார்மனிக்குக் குடிபோனார். வாபாஷ் ஆற்றங்கரை ஊர், ஈரப்பதம் அதிகம். 1834ல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். சேகரிப்பு பிலடெல்பியா கழகத்துக்குப் போனது. ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி, கழகம் அதை 1836ல் மாசசூசெட்ஸில் இருந்த பூச்சியியலாளர் தாடியஸ் ஹாரிஸுக்கு அனுப்பியது. அவர் பெட்டியைத் திறந்தபோது ஊசிகள் ஆடிக் கழன்று கிடந்தன, சீட்டுகள் பூச்சியை விட்டுப் பிரிந்திருந்தன. தலை இல்லாதவை, கால் இல்லாதவை, உணர்கொம்பு இல்லாதவைதான் அதிகம்.

ஏன் இப்படி ஆகிறது? காரணம் அந்த்ரீனஸ், டெர்மெஸ்டஸ் என்ற இரண்டு வகை வண்டுகள். அந்த்ரீனஸ் வளர்ந்தாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். தின்பது அதன் புழு. காய்ந்த பூச்சிக்குள் புகுந்து உள்சதையை அரித்துவிடும், மேல்கூடு மட்டும் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூச்சி முழுசாகத்தான் தெரியும். மூட்டுகளைப் பிடித்துவைக்கும் சதை போய்விடுவதால், பெட்டியைக் கொஞ்சம் அசைத்தாலே கொம்பும் காலும் உதிர்ந்துவிடும். வண்டியிலும் படகிலும் வந்த பெட்டியின் கதியை நீங்களே நினைத்துப் பாருங்கள். முதல் அடையாளம், ஊசியின் அடியில் மிக நைசான பழுப்புப் பொடி. மாதம் ஒருமுறை கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்தப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். பொடியோடு, முடி முளைத்த உமி போல உரித்த தோலும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

பொடி கண்டால், பெட்டியைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே விடவேண்டும், இல்லையென்றால் பூச்சியின் மேலேயே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பிறகு இன்னொரு முறை உறையவைத்தால் தப்பிய முட்டைகளும் தீரும். பாச்சை உருண்டை புதிய வண்டை அண்டவிடாது, அவ்வளவுதான். உள்ளே புகுந்துவிட்ட புழுவுக்கு அதை நம்பாதீர்கள். உங்களுடையது பாராடைகுளோரோபென்சீன் என்ற வேதிப்பொருளால் ஆன பாச்சை உருண்டை என்றால் பெட்டியடியில் தெர்மோகோல் போடாதீர்கள், இளகிவிடும்.

ஊசியும் முக்கியம். பித்தளை ஊசியில் உள்ள செம்பு, பூச்சியின் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். களிம்பு வளர வளர உடல் பிளந்துவிடும். 38 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகு ஊசியே வாங்குங்கள். வண்டுக்கு வலது முன்சிறகின் மேல்பகுதியில் குத்தவேண்டும், இடது பக்கம் முழுசாக நிற்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைக் குத்தாமல், முக்கோண அட்டையின் நுனியில் பசை வைத்து ஒட்டுங்கள்.

"பூச்சி போனால் என்ன, எழுதியது இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. சில இனங்களுக்கு அது சரிதான். சே 1824ல் விவரித்த உருளைக்கிழங்கு வண்டுக்கு மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடு, சிறகுக்கு ஐந்து. படித்தவுடன் தெரிந்துவிடும். அதே ஆண்டில் அவர் பெயரிட்ட அனாஃபிலஸ் குவாட்ரிமாக்குலேட்டஸ், கிழக்கு அமெரிக்காவில் மலேரியா பரப்பிய கொசு. சிறகில் நான்கு கறைகள் என்பதுதான் பெயரின் பொருள். அது ஒரே இனம் அல்ல, பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ஐந்து இனங்கள் என்று 1990களில் தெரியவந்தது. சே கையில் இருந்தது எந்தக் கொசு? அந்த ஒரு கொசு இருந்திருந்தால் எடுத்துப் பார்த்திருக்கலாம். தரை வண்டுகளில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். சேயின் பெயர்கள் எந்த வண்டைக் குறிக்கின்றன என்று நிலைநிறுத்தும் வேலையை, லிண்ட்ரோத் என்ற பூச்சி ஆய்வாளரும் இன்னொருவரும் 1969ல்தான் செய்தார்கள். மூல மாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமாக வைக்கும் அசல் பூச்சி, தொலைந்த இனங்களுக்குப் புது மாதிரிகளைக் குறித்துக்கொடுத்தார்கள். புது மாதிரியை முடிந்தவரை பழைய இடத்துக்குப் பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும். சே பல இடங்களில் "மிசூரியில் வாழ்கிறது" என்ற அளவில்தான் எழுதினார். அன்றைய மிசூரிப் பிரதேசத்தில் இன்றைய பல மாநிலங்கள் அடங்கும்.

சேயைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒரு பெயருக்கு ஒரு மூல மாதிரி என்ற விதியே அப்போது ஏற்படவில்லை. போதாததற்கு, 1820ல் ராணுவ அதிகாரி ஸ்டீஃபன் லாங்கின் ஆய்வுப் பயணத்தில் சேயும் போயிருந்தபோது, ஓடிப்போன மூன்று சிப்பாய்கள் சேயின் குறிப்பேடுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வழிகாட்ட அவருக்கு விதி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஊசியிலும் ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டைக் குத்துங்கள். பெட்டி மூடியில் மொத்தமாக எழுதிவைப்பது போதாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நெடுநாள் ஆதங்கம். வட அமெரிக்கக் காட்டு நாயினமான கொயோட்டிக்கு 1823ல் கேனிஸ் லேட்ரன்ஸ் என்று அறிவியல் பெயர் வைத்தவர் சேதான். லேட்ரன்ஸ் என்றால் குரைப்பது. இதைத் தமிழில் எழுதும்போதெல்லாம் "குள்ளநரி" என்றோ "ஓநாய்" என்றோ போட்டுவிடுகிறார்கள். குள்ளநரி நம் ஊரில் இருக்கும் வேறு விலங்கு, அது அமெரிக்கக் காடுகளில் கிடையாது. ஓநாய் அங்கே தனியாக இருக்கிறது. கொயோட்டியும் ஓநாயும் வேறு என்று பிரித்துக் காட்டத்தான் அந்த மனிதர் அந்தப் பெயரையே வைத்தார். கொயோட்டி என்றே எழுதுங்கள்.